செய்தி சொல்வார் யார்?

2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள், புதுதில்லியில் கூடிய 'செமிகான் இந்தியா' மாநாட்டில், 'விக்ரம்' என்னும் சில்லு நாட்டின் தலைமை அமைச்சரிடம் அளிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் எழுதின; தொலைக்காட்சிகள் காட்டின; நம் விடுதி உணவுக்கூடத்தில் இட்லி ஆறும்வரை அதைப் பற்றியே பேசினோம். அதற்கு 24 நாள்களுக்கு முன்பு, ஆகஸ்டு 9ஆம் நாள், மற்றொன்று நிகழ்ந்தது. 'டெபியன்' என்னும் திறந்த மூல இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு வெளிவந்தது. 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் புதுவகை நுண்செயலிகள் அந்தப் பதிப்பில்தான் முதன்முதலாக முறைப்படி இடம்பெற்றன. அதைப் பற்றி நம் விடுதியில் எவரும் ஒரு சொல் பேசி நான் கேட்கவில்லை. எனக்கே பல வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் வேறொன்றைத் தேடப் போன இடத்தில்.

சில்லு வந்தால் அது செய்தி. சில்லுகளின் மேல் ஓடுவதற்கு இயங்குதளம் வந்தால் அது செய்தி அன்று! இந்த வேற்றுமை முறைதானா? முறையன்று என்பது என் கருத்து. திருப்பதியிலும் சித்தூரிலும் இருந்துகொண்டு கணினி படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு, இரண்டாவது செய்தியே கைக்கு எட்டும் செய்தி. அதை ஊரறியச் சொல்லும் பொறுப்பும் நம்முடையதே என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நுண்செயலி என்றதும், கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் 'செயலி'யை யாரும் நினைத்துவிட வேண்டாம். (ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கு வைத்துவிட்டு நாம் படும் பாடு பெரிது.) நான் சொல்வது கணினியின் உள்ளே உட்கார்ந்து கணக்கிடும் பிராசசரை. அதற்கு ஒரு மொழி உண்டு. 'இந்த எண்ணை எடு, அந்த எண்ணோடு கூட்டு, இங்கே வை' என்பன போன்ற கட்டளைகளின் தொகுதியே அந்த மொழி. இன்டெல் நுண்செயலியின் மொழி ஒன்று. நம் கைப்பேசிகளில் உள்ள 'ஆர்ம்' நுண்செயலியின் மொழி வேறு. ரிஸ்க்-ஃபைவின் மொழி இன்னும் வேறு. ஒன்றுக்கென்று ஆக்கிய நிரலை மற்றொன்றின் முன் வைத்தால், அது விழிக்கும்.

சித்தூர்க் கடைவீதியை நினைத்துப் பாருங்கள். தக்காளி விற்கும் அம்மையார் தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் விலை சொல்வார். தமிழில் கேட்டால் தமிழில் சொல்வார். சரக்கு ஒன்றுதான், விலை ஒன்றுதான். வாய்மொழி மட்டும் மாறுகிறது. திறந்த மூல மென்பொருளும் அப்படிப்பட்டதே. அதன் மூல நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடப்பதால், புதிய நுண்செயலி எதுவாயினும், அதன் மொழியில் அதே நிரலை மீண்டும் ஆக்கிக்கொள்ள எவரும் முயலலாம். உடையவரின் ஒப்புதலுக்காக வாசலில் நிற்க வேண்டியதில்லை. மூல நிரலைப் பூட்டி வைத்திருக்கும் மென்பொருளுக்கு அந்த வழி இல்லை. உடையவர் மனம் வைத்தால் புதிய மொழி பேசும். மனம் மாறினால் ஊமையாகிவிடும்.

இது கற்பனை அன்று. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி., இன்டெல்லோடு மிப்ஸ், ஆல்ஃபா ஆகிய நுண்செயலிகளிலும் ஓடியது; பின்னர் பவர்பிசியும் சேர்ந்தது. வாணிபக் கணக்கு ஒத்துவரவில்லை, ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 விற்பனைக்கு வந்தபோது இன்டெல் குடும்பம் மட்டுமே எஞ்சியது. ஆல்ஃபா கணினி வாங்கியிருந்தவர் என்ன செய்வார்? விண்டோசை நம்பியவருக்கு வழியில்லை. ஆனால் டெபியன், 2009இல் வந்த தன் 5ஆம் பதிப்பு வரை ஆல்ஃபாவை விடாமல் வைத்திருந்தது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் சிலர், தங்களிடம் அந்த யந்திரம் இருந்த காரணத்தால், செய்துகொண்டே வந்தார்கள். இலாபக் கணக்குப் பார்க்கும் எந்த நிறுவனமும் அப்படிச் செய்திருக்காது.

இனி ரிஸ்க்-ஃபைவுக்கு வருவோம். அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2010இல் பிறந்தது இந்தக் கட்டளைத் தொகுதி. கிரஸ்தே அசனோவிச், டேவிட் பேட்டர்சன் முதலிய பேராசிரியர்களும் அவர்களுடைய மாணவர்களும் உருவாக்கினார்கள். மாணவர்கள் என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். அதன் தனிச்சிறப்பு, யாரும் உரிமத் தொகை கட்டாமல் அந்த மொழி பேசும் சில்லை வடிவமைத்துக்கொள்ளலாம் என்பது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி அவர்களின் குழு 'சக்தி' என்னும் நுண்செயலியைப் படைத்தது இந்த அடித்தளத்தின் மேல்தான். 2018இல் அக்குழுவின் சில்லு ஒன்று லினக்சை ஓட்டிக் காட்டியது. திருவனந்தபுரத்து சி-டாக் நிறுவனத்தின் 'வேகா' நுண்செயலிகளும் இதே இனம். 2022 ஏப்ரலில் நடுவண் அரசு இவ்விரண்டையும் முன்னிறுத்தி ஒரு தனித் திட்டமே அறிவித்தது. நமக்குப் பக்கத்தில் ஏர்ப்பேட்டில் இருக்கும் திருப்பதி ஐ.ஐ.டி.யை 2015இல் கைபிடித்து நடத்திவிட்டதும் சென்னை ஐ.ஐ.டி.தான் என்பதை நினைத்தால், இந்தச் சில்லு நமக்கு ஒருவகையில் அடுத்த வீட்டுப் பிள்ளை.

ஆகவே 'நம் நாட்டுச் சில்லு' என்று பெருமை பேசுவோர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெருமையை எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொன்ன விக்ரமையே எடுத்துக்கொள்வோம். இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வுக்கூடமும் சேர்ந்து ஆக்கிய 32 பிட் நுண்செயலி அது. 2024 டிசம்பர் 30ஆம் நாள் சீஅரிகோட்டாவிலிருந்து (அதுவும் இப்போது திருப்பதி மாவட்டம்தான்) கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி60 பயணத்தில் வானத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. ராக்கெட்டின் குளிரையும் வெப்பத்தையும் தாங்க வேண்டியது. பிழையின்றி ஒரே வேலையைச் செய்ய வேண்டியது. அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் அதன் கட்டளைத் தொகுதி இஸ்ரோவுக்கே உரியது. ஆகையால் அதற்கு வேண்டிய கம்பைலர், அசெம்பிளர், லிங்கர் என்று அத்தனை கருவிகளையும் இஸ்ரோவே உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டியிருந்தது. இஸ்ரோவால் அது முடியும். சித்தூர்ப் பாலிடெக்னிக் மாணவனுக்கு முடியுமா? அவன் மேசைக்கு வரும் சில்லில், முதல் நாளே கடிதம் எழுத ஒரு மென்பொருள் வேண்டும். படம் பார்க்க ஒன்று வேண்டும். நிரல் எழுத ஒன்று வேண்டும். அவை வந்து சேரும் வழிதான் இயங்குதளத்தின் ஆதரவு.

டெபியன் 13ஆம் பதிப்பில் உள்ள மென்பொருள் பொதிகளின் எண்ணிக்கை 69,830. ('டிரிக்சி' என்பது அதன் செல்லப்பெயர். ஒவ்வொரு பதிப்புக்கும் 'டாய் ஸ்டோரி' என்னும் கார்ட்டூன் படத்திலிருந்து ஒரு பொம்மையின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். இவ்வளவு பெரிய வேலையைச் செய்பவர்களுக்கு அந்தக் குழந்தைத்தனம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.) ரிஸ்க்-ஃபைவுக்காக இந்தக் கடலில் பெரும்பகுதியை மீண்டும் ஆக்கிச் சோதிக்க வேண்டியிருந்தது. லினக்ஸ் கெர்னலில் ரிஸ்க்-ஃபைவ் சேர்ந்தது 2018 சனவரியில் வந்த 4.15ஆம் பதிப்பில். டெபியன் அதைத் தன் முறையான குடும்பத்தில் சேர்க்க முடிவு செய்தது 2023 சூலையில். நிலையான பதிப்பாக மக்கள் கைக்கு வந்தது 2025 ஆகஸ்டில். ஏழரை ஆண்டு! ஏழரை என்றதும் சிரிக்க வேண்டாம். அத்தனை ஆண்டும் பல நாட்டுத் தொண்டர்கள், ஓடாத நிரல் ஒவ்வொன்றையும் எடுத்து ஏன் ஓடவில்லை என்று பார்த்துத் திருத்தினார்கள். இது செய்தி இல்லையென்றால் எது செய்தி?

தமிழ் மாணவர்கள் என்ற முறையில் நமக்கு இதில் இன்னும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. திரையில் 'கொ' என்ற எழுத்து எப்படித் தோன்றுகிறது என்று எண்ணியதுண்டா? கணினியின் உள்ளே முதலில் 'க' இருக்கும். பின்னால் ஒகரக் குறி இருக்கும். திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, ஒரு கொம்பு முன்னால் போய், ஒரு கால் பின்னால் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்' என்னும் திறந்த மூல நிரல். எழுத்துருக் கோப்புகளுக்கு நுண்செயலி எதுவென்ற கவலை இல்லை. ஒருமுறை செய்தது எல்லாவற்றுக்கும் ஆகும். ஹார்ஃப்பஸ் அப்படியன்று, ஒவ்வொரு நுண்செயலிக்கும் தனித்தனியே ஆக்கப்பட வேண்டும். அது ஆக்கப்படாத யந்திரத்தில் தமிழ் உடைந்துதான் தெரியும். டெபியன் ஒரு நுண்செயலியை ஏற்றுக்கொள்ளும்போது, ஹார்ஃப்பஸ் தானாகவே கூட வருகிறது. தமிழும் அதன் தோளில் ஏறி வருகிறது. ஒரு புதிய சில்லுக்குத் 'தமிழ் வேண்டும்' என்று யாரும் மனு எழுத வேண்டியதில்லை. கணினித் தமிழ் வரலாற்றில், எழுத்துரு ஒன்றுக்காகவும் விசைப்பலகை ஒன்றுக்காகவும் நாம் நடந்த நடையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவும் இருக்க, செய்தி ஏன் வரவில்லை? விடை எளிது. விளம்பரம் செய்வதற்கு விற்பவர் வேண்டும். சில்லு செய்பவர் சில்லை விற்கிறார். ஆகவே அவர் பேசுகிறார். அரசு தன் சாதனையைச் சொல்ல விரும்புகிறது. ஆகவே அமைச்சர்கள் பேசுகிறார்கள். டெபியனை விற்பவர் யார்? ஒருவரும் இல்லை. அது இலவசமாக இறங்கிக்கொள்வது. அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் அதன் பொருட்டு ஊதியம் பெறுவதில்லை. அவர்களிலேயே ஒரு சிறு குழு அறிக்கை எழுதி வெளியிடுகிறது; அதற்குமேல் முழுப்பக்க விளம்பரத்துக்கோ நடிகரின் சிரிப்புக்கோ காசில்லை. ஆகவே, பயன்படுத்துகிறவன் வாயே அதன் பறை. பயன்படுத்துகிறவன் பேசாவிட்டால் பறை ஒலிக்காது.

ஆனால் எப்படிப் பேசுவது? இதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். சித்தூரிலிருந்து வந்து நம்மோடு படிக்கும் தம்பி ஒருவன் பட்ட துன்பத்தைச் சொல்கிறேன். அவன் பெயர் வேண்டாம். நீங்கள் எல்லாரும் அறிந்தவன்தான். மாங்காய்ப் பருவத்தில் தன் ஊர்ப் பக்கத்துக் கூழ் ஆலையில் இரவு வேலை செய்து சேர்த்த பணத்தில், ஒரு ரிஸ்க்-ஃபைவ் பலகை வாங்கினான். விற்ற இடத்தின் விவரத் தாளில் 'லினக்ஸ் ஓடும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பொதி வந்த அன்று என் அறைக்கு ஓடி வந்தான். "அண்ணா, நம்ம பசங்கள்ல இது வச்சிருக்கிற முதல் ஆள் நான்தான்!" என்றான்.

மறுவாரம் முகம் வாடி வந்தான். விற்றவர் தந்த கோப்பை ஏற்றினால் லினக்ஸ் ஓடியது, அது உண்மை. ஆனால் அது பழைய கெர்னல். அவர்களே ஒட்டுப் போட்டு வைத்தது. அதன்பின் திரும்பிப் பார்க்காதது. டெபியனின் பொதுப் பதிப்பை ஏற்றினால் திரை கறுத்தே நின்றது. திரையை இயக்கும் பகுதிக்கு வேண்டிய நிரல் உலகப் பொதுக் கெர்னலில் அப்போது இல்லை. "ஓடும்னுதானே அண்ணா போட்டிருந்தாங்க?" என்று கேட்டான். போட்டிருந்தது பொய்யா? பொய்யென்று சொல்ல முடியாது. மெய்யா? மெய்யென்றும் சொல்ல என் நா எழவில்லை. இரவெல்லாம் மாங்கூழ்ப் பீப்பாய் உருட்டிய பணம், 'ஓடும்' என்ற ஒரு சொல்லின் இடுக்கில் விழுந்துவிட்டது.

'ஆதரவு' என்ற சொல் அத்தகையது. கெர்னல் எழுந்து நின்றாலே ஆதரவு என்பார் ஒருவர். வை-ஃபையும் ஒலியும் திரையும் வேலை செய்தால்தான் ஆதரவு என்பார் மற்றொருவர். இன்று ஓடுவது அடுத்த ஆண்டு வரும் பாதுகாப்புத் திருத்தத்தோடும் ஓடுமா என்று கேட்பவர் இன்னும் விவரம் அறிந்தவர். பலகை செய்தவர் ஒட்டுப் போட்ட கெர்னலா, பொதுக் கெர்னலா? இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்தால் தம்பியின் பணம் தப்பியிருக்கும். அதை அவனுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார்? விற்றவர் சொல்லமாட்டார். இரண்டு ஆண்டு மூத்தவனாகிய நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்தபின் எழுதுகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் என்பது ஒரே பெயரில் பல வகை. சி-டாக்கின் 'தேஜஸ்32' சில்லைத் தாங்கிய 'ஏரீஸ்' பலகைகள் மாணவர்கள் தொட்டுப் பழகுவதற்கு நல்லவை. விளக்கை மினுக்கவும் உணரியைப் படிக்கவும் ஏற்றவை. ஆனால் அந்தச் சில்லின் உள்ளே இருப்பது 256 கிலோபைட்டு நினைவகம். அதில் டெபியனை ஏற்ற நினைப்பது, ஆட்டோவில் ஏழுமலைத் தேரை ஏற்ற நினைப்பது போலாகும். அஃது அந்தப் பலகையின் குற்றமன்று. அதன் வேலையே வேறு. மேல்நிலை நுண்செயலிகளிலும் வேறுபாடு உண்டு. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10ஆம் பதிப்பு, 'ஆர்.வி.ஏ.23' என்னும் புதிய வரையறைக்குப் பொருந்தும் ரிஸ்க்-ஃபைவ் நுண்செயலிகளைத்தான் ஏற்கும் என்று அறிவித்துவிட்டது. அப்போது மாணவர்களிடையே புழங்கிய பலகைகள் அந்த வரையறைக்கு வெளியே நின்றன, அவற்றுக்கு 24.04ஆம் பதிப்புதான். டெபியன் 13 பழைய வரையறையோடு நிற்பதால் அவற்றையும் ஏற்கிறது. 'உபுண்டு ரிஸ்க்-ஃபைவை ஆதரிக்கிறது' என்று ஒரு வரியில் எழுதினால் அது மெய். படித்துவிட்டுப் பழைய பலகை வாங்குபவனுக்கு அது நட்டம். 2025 டிசம்பரில் சி-டாக்கின் 'துருவ்64' அறிவிக்கப்பட்டபோது, ஒரு கிகாஹெர்ட்சு வேகம் என்பதை நண்பர்கள் எல்லாரும் சொன்னார்கள். எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு அதில் ஏறும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை.

நல்ல செய்தியை மட்டும் சொல்வதும் விளம்பரக்காரர் வழக்கமே. டெபியன் 13 ஒரு கதவைத் திறந்த அதே நாளில் வேறொரு கதவைச் சாத்தியது. பழைய 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு அதில் நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் சிறு அச்சகங்களிலும் அத்தகைய யந்திரங்கள் இன்றும் முனகிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களிடம் போய் 'டெபியன் 13 வந்துவிட்டது, ஏற்றுங்கள்' என்று முழங்கினால் நாம் கேலிக்கு ஆளாவோம். 12ஆம் பதிப்பிலேயே இருங்கள், அதற்கு 2028 சூன் வரை நீண்டகாலப் பராமரிப்பு உண்டு என்று சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்குப் பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் 64 பிட் மடிக்கணினிகள் நம் விடுதியிலேயே எத்தனை! அவற்றுக்கு டெபியன் 13 நன்றாகவே பொருந்தும். புதிய சில்லைப் பற்றிப் பேசப் போகிற நாம், பழைய சில்லை வைத்திருப்பவருக்கும் விடை வைத்துக்கொண்டு போவதுதான் மரியாதை.

"இதெல்லாம் ஆங்கிலத்தில் விளக்கமாக இருக்கிறதே, தமிழில் எதற்கு?" என்று நம் மன்றத்திலேயே ஒருவர் கேட்டார். பொறியியல் படிக்கிறவன் ஆங்கிலத்தில் படித்துக்கொள்வான், ஒப்புக்கொள்கிறேன். பலகைக்குப் பணம் தரும் தந்தை? பள்ளிக்குக் கணினி வாங்கும் தலைமையாசிரியர்? ரேணிகுண்டாவைச் சுற்றியும் ஸ்ரீசிட்டியிலும் உள்ள ஆலைகளில் பலகை பூட்டும் சத்தியவேட்டுப் பெண்? 2015 ஆகஸ்டில் ஸ்ரீசிட்டியில் சியோமி கைப்பேசிகள் உருவாகத் தொடங்கியபோதே, லினக்ஸ் கெர்னல் அந்தப் பெண்களின் கைவழியாகத்தான் நாடெங்கும் போயிற்று. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது அதுதான். தாங்கள் கையாள்வது இன்னதென்று அவர்களுக்குச் சொன்னவர் உண்டா?

நம் தெலுங்கு நண்பர்களைப் பாருங்கள். 'சுவேச்சா' இயக்கத்தார் இயங்குதளத்தையே தெலுங்கில் ஆக்கி, கல்லூரி கல்லூரியாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் டெபியனை அடியொற்றி ஆக்கிய 'பாஸ்' லினக்ஸ் விண்டோசோடு சேர்ந்தே வந்தது. பெட்டியைத் திறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் தொட்டார்கள்? பொருள் கைக்கு வந்தது. அதைப் பற்றிய பேச்சு வரவில்லை. என் அக்காவுக்குக் கிடைத்த கணினியில், கடைக்காரரே அதை அழித்துவிட்டு, "இது வேஸ்ட்டும்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ரிஸ்க்-ஃபைவுக்கும் அந்தக் கதி வர வேண்டுமா?

ஆகவே நம் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெரிய விழா வேண்டாம்; பதாகை வேண்டாம். இந்த இதழில் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் பலகை, எந்த நுண்செயலி, எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பு, எது ஓடியது, எது ஓடவில்லை, என்றைக்குச் சோதித்தது என்று, சோதித்தவரே தமிழில் எழுதட்டும். விற்பவரின் விவரத் தாளை மொழிபெயர்ப்பது அந்தப் பக்கத்தின் வேலையன்று. தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிந்ததா என்பதும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அதை வேறு எந்த நாட்டு இதழும் எழுதாது. திருத்தணியிலும் சித்தூரிலும் நாம் படித்த பள்ளிகளுக்கு இதழின் படி ஒன்றை அனுப்பிவைப்போம். அஞ்சல் செலவு ஒரு தேநீர்ச் செலவு.

பலகை வாங்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். தொடங்குவதற்குப் பலகையே வேண்டாம். 'கியூ-எமு' என்றொரு மென்பொருள் உண்டு. ஃபாப்ரிஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சுக்காரர் 2003இல் வெளியிட்டது. இதுவும் திறந்த மூலம். நம் சாதாரண மடிக்கணினியின் உள்ளேயே ஒரு ரிஸ்க்-ஃபைவ் கணினி இருப்பதுபோல் அது நடிக்கும். அந்த நடிப்புக் கணினியில் டெபியன் 13ஐ நிறுவி, ஓடுகிற மென்பொருளையும் ஓடாததையும் பார்த்துவிடலாம். மெதுவாகத்தான் ஓடும், நிறுவத் தொடங்கிவிட்டு அலிபிரியில் மலையேறித் திரும்பினாலும் தவறில்லை. திரை, வை-ஃபை போன்ற உண்மைப் பலகையின் குறைகளை அது காட்டாது. அவற்றுக்குப் பலகை வைத்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

அப்படி வைத்திருக்கும் ஒருவன் நம்மிடம் இருக்கிறான். சென்ற வாரம் அந்தச் சித்தூர்த் தம்பியைக் கண்டேன். பலகையை விற்றுவிட்டாயா என்றேன். "இல்லை அண்ணா, திரை இல்லாம நெட்வொர்க் வழியா உள்ளே போய்ட்டேன். டெபியன் ஏறிடுச்சு. தமிழ்ல ஒரு கோப்பு எழுதி வச்சிருக்கேன்" என்றான். அதை அப்படியே எழுதிக் கொடு, ஓடாத திரையையும் மறைக்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொண்டான். அடுத்த இதழில் முதல் இரண்டு பக்கத்தை அவனுக்குக் கொடுக்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.